அழுத்துவிசை

சேர்ந்து பதினோரு நாள்.
ஸ்க்ரூடிரைவர் இன்னும் என் கையில்
விருந்தாளி மாதிரிதான் இருக்கிறது.

கெயோன் துறை. மழை.
நவெல்கின் படகின் ஆன்டெனா ஒயரை
அறுத்துப் பார்த்தேன்:
செம்பெல்லாம் பச்சை,
உப்பு குடிபுகுந்திருந்தது.

புது முனை பற்றவைத்து, திருகி,
ரேடியோவைப் போட்டு நிமிர்ந்தால்
தாழ்ந்த கூரை மண்டையில்.
வாய்க்கு வந்தபடி வைதேன்
மழையை, மேலாளரை,
பயிற்சிக்கால அரைச் சம்பளத்தை,
அம்மா கட்டிக்கொடுத்து ஆறிப்போன
உருளைக்கிழங்கு ரொட்டியையும்.

மைக்கின் அழுத்துவிசை
அமுங்கியபடியே சிக்கிக்கிடந்தது.

நகத்தால் நெம்பி விடுவித்ததும்
பெட்டி இருமியது.
தீவுகளுக்கு அப்பால் ஒரு கிழட்டுக் குரல்:
"தெளிவாகக் கேட்கிறது, பெண்ணே.
ரொட்டியை மட்டும் விட்டுவிடு."
பின்னால் ஏழெட்டுப் படகுகளின் சிரிப்பு.

பதிவேட்டில் எழுதினேன்:
ஒலிபரப்பு சோதிக்கப்பட்டது.
தூரம், பதினெட்டு மைல்.
குறை, விசை.