பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

பிரான்சுக்குப் போய் என்னய்யா பார்த்தே என்றார்கள்
சிம்மக்கல் டீக்கடையில்.
தண்ணி பார்த்தேன் என்றேன்.
அங்கே போயுமா என்று
கட்டைவிரலை வாய்க்குச் சாய்த்துச் சிரித்தார்கள்.
அந்தத் தண்ணி இல்லை.

பத்தொன்பது வருஷமாக என் வேலை
கல்பாலத்துத் தூணில் தீட்டியிருக்கும்
கறுப்பு வெள்ளை அளவுகோலைப் பார்ப்பது.
காலை ஆறுக்கு. மாலை ஆறுக்கு.
தேதி, நேரம், மட்டம், குறிப்பு.
மட்டத்தில் பெரும்பாலும் 0.00.
குறிப்பில் எழுத ஒன்றும் இருந்ததில்லை.

தங்கை செசிலியைக் கட்டிய காரைக்கால்காரர்
டிக்கெட் போட்டார், கம்பளிச் சட்டையும் கொடுத்தார்.
ரென் நகரிலிருந்து ஒரு மணி நேரம் ரயில்.

சான் மாலோ.
கடலுக்குள் கழுத்தை நீட்டிய கல் ஊர்.
சுற்றி மதில், மதில் மேல் நடக்கலாம்.
போரில் எரிந்து விழுந்த ஊராம்;
விழுந்த கல்லையே பொறுக்கி
பழையபடி அடுக்கிவிட்டார்கள்.
எங்கள் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தாயிற்று.
வெளிவீதி என்று பெயர் மட்டும் மிச்சம்.
எதற்கு வெளியே என்று கேட்காமல்
நாலு பக்கமும் ஓடுகிறது பஸ்.

துறைமுகச் சுவரில் ஓர் அளவுகோல் பார்த்தேன்.
பன்னிரண்டு மீட்டர் தாண்டியும் கோடு.
கை தானாகச் சட்டைப்பையில்
பேனாவைத் தேடியது.

மறுநாள் விடிந்தால் கடலைக் காணோம்.
படகெல்லாம் ஒருக்களித்துக் கிடந்தன சேற்றில்.
மணல், பாசி, நடுவே நூல்போல் ஓர் ஓடை.
வைகையேதான். எருமை மட்டும் இல்லை.
ஓட்டலில் கொடுத்த நேர அட்டவணையை
நீட்டினாள் செசிலி.
அடியே, நான் பொதுப்பணித்துறை என்றேன்.

நடந்தே போனேன் எதிர்த் தீவுக்கு.
பெயர் பொறிக்காத சிலுவை ஒன்று
கடலைப் பார்த்து நின்றது.
யாரென்று தெரியாமலே ஒரு செபம் சொன்னேன்.
திரும்பினால் பாதை இல்லை.

யாரும் மதகைத் திறக்கவில்லை.
பேப்பரில் செய்தி இல்லை,
கரையோர மக்களுக்கு எச்சரிக்கை இல்லை,
மந்திரி வந்து பூத் தூவவில்லை.
அது பாட்டுக்கு வந்துவிட்டது.

என்னோடு மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர்:
சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோடி,
ஷூவைக் கழற்றிப் பிழிந்த ஒரு பையன்.
அந்தப் பெண் கேக்கைப் பிட்டுக் கொடுத்தாள்,
விரலெல்லாம் வெண்ணெய்.
அவனுக்குக் கொடுக்கவில்லை.

பாறையில் ஒரு வெடிப்பை அடையாளம் வைத்தேன்.
முதல் கால் மணியில் ஒரு முழம் ஏறியது.
அடுத்த கால் மணியில் வெடிப்பே இல்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது.
மதில் மேல் செசிலி சால்வையை ஆட்டுகிறாள்,
அது திட்டுவது போலவே இருந்தது.

போனில் சோணைமுத்து:
அண்ணே இன்னைக்கும் ஜீரோ போட்டாச்சு.
ஈரக் கட்டைவிரலால்
சரி என்று அனுப்பினேன்.

சாயங்காலம்
போன வழியே எழுந்து வந்தது பாதை,
ஒன்றும் நடக்காதது மாதிரி.
ரயில் ரென் வந்து சேரும்வரை
செசிலி என்னோடு பேசவில்லை.

போன திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன்.
கல்பாலத்தடியில் ஆகாயத்தாமரை,
கம்பியில் யாரோ உலர்த்திய சேலை,
ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.
0.00 எழுதினேன்.
நான்காம் கட்டத்தில்
வெளியே போயிருக்கிறது என்று எழுதினேன்.

உதவிப் பொறியாளர் சிவப்பு மையில் சுழித்து
கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார்.
மூன்று நாளுக்குள் விளக்கம் தரவேண்டுமாம்.
இன்னும் எழுதவில்லை.

ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
ஸ்டம்பை மேட்டில் நடுங்கடா என்று
பாலத்திலிருந்து கத்துகிறேன்.
பந்தை இடுப்பில் தேய்த்துக்கொண்டே
எதுக்குண்ணே என்கிறான் ஒருவன்.