ஆந்தைப் பெட்டி

மூன்று மாத விடுப்பில் பாகாவ் வந்தேன்.
பசாரில் நூற்கண்டும் ஊசியும் வாங்கினேன்.
இரண்டாம் நாளே
ஒரு மணிக்கு எத்தனை அங்குலம் என்று
குறித்துக்கொண்டிருந்தது கை.
தூக்கிப் போட்டேன்.

இப்போது ஏழரை மணிக்கு
செம்பனையின் கடைசி நிரையில் உட்கார்கிறேன்.
எதிரே, எலி பிடிக்கவென்று
தோட்டத்தார் கம்பத்தில் ஏற்றிய ஆந்தைப் பெட்டி.
கொசு. லோரி கிளப்பிய தூசி.
வெள்ளை முகம் ஒன்று எட்டிப் பார்க்கும்,
சில நாள் பார்க்காது.

ஜாகா மரியசூசை டார்ச் அடித்தார்:
“கம்பெனி ஆளா? ஆந்தை கணக்கெடுக்கிறீங்களா?”
“இல்ல.”
பதினோரு வருடம் கோலாலம்பூரில்
யாரிடமும் சொல்லாத சொல்.
“பாம்பு இருக்கும், கால மேல வைங்க”
என்று போய்விட்டார்.

உள்ளே இரண்டு குஞ்சா மூன்றா,
சீறலில் தெரியவில்லை.
தெரியாமலே
வீடுவரை நடந்தேன்.