முதல் ஆயிரத்து ஐந்நூறு

சாவியை வாங்கும்போது மீட்டரில் பதினொன்று.
அந்தப் பதினொரு கிலோமீட்டரை ஓட்டியது யாரென்று
கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.
ஐம்பத்து மூன்று வயதில் என் முதல் புதுக் கார்.
இதற்கு முந்தியவை எல்லாம்
யாரோ ஓட்டி, யாரோ இடித்து, யாரோ அலுத்துத் தள்ளிவிட்டவை.

மூவாயிரம் சுற்றைத் தாண்டாதே, என்றது கையேடு.
ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே.
"தீவை ஒரு சுற்று சுற்றினால் சரியாக இருக்கும்"
என்றான் கெத்தில்.

முப்பது வருடம் மீன்பிடிக் கப்பலின் இஞ்சின் அறை.
காதுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன்.
டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துத்தான் கேட்பான்.
நான் பேசினால் என் உதட்டைப் பார்த்தாக வேண்டும்.
இஞ்சின் பேசினால் வேண்டாம்.

எழுபது, அறுபது, எண்பது, அறுபத்தைந்து.
பின்னால் வந்த சுற்றுலாப் பேருந்து
நான் குடித்திருப்பதாக நினைத்திருக்கும்.
வீக்கில் மழை.
ஹோப்ன் தாண்டி ஒற்றைப் பாலத்தில் ஆடுகள்.
நல்லது, பிரேக்கும் பழகட்டும்.

உள்ளே வளையம் இன்னும் சிலிண்டருக்கு அந்நியம், என்றான்.
இரண்டும் உரச வேண்டும்.
தாலாட்டினால் படியாது. விரட்டினாலும் படியாது.
நாம் போவதும் வளையச் சாலைதானே என்றேன்.
அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏகில்ஸ்டாதிருக்கு அப்பால் ஒரு பால் லாரி.
இருபது நிமிடம் அதன் முதுகைப் படித்தேன்.
பிறகு மிதித்தேன்.
முள் நாலாயிரத்து எழுநூறுக்குத் தாவியது.

அவன் கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டான்.

மீவாட்னில் கந்தக நாற்றம்.
காற்றுக்கு முதுகு காட்டி
ஆளுக்கொரு ஹாட்டாக் தின்றோம்.
"தெரியாமல் செய்துவிட்டேன்" என்று நான் சொன்னபோது
கடுகுப் புட்டியின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
தெரிந்துதான் செய்தேன். அதனால் மறுபடி சொல்லவில்லை.
முதல் கியர். இரண்டாவது. மெதுவாக மூன்றாவது.
ஒரு மேட்டில், எதுவும் கேட்காமல்,
கை திரும்பி வந்து டாஷ்போர்டில் உட்கார்ந்தது.

அக்ரானஸ். வீட்டுக் கொட்டகை.
தட்டில் இறங்கிய எண்ணெயில் டார்ச் அடித்தான்.
பொடிப்பொடியாக மினுக்கம்,
மீன் சுரண்டிய தொட்டித் தண்ணீர் மாதிரி.
"கெட்டுப்போச்சா?"
வெளிச்சத்தில் முகத்தை நீட்டிக் கேட்டேன்.
"இது வராவிட்டால்தான் பயப்படணும்."

சோப்புக்குப் போகவில்லை அது.
உருளைக்கிழங்கு உரிக்கும்போதும்
அவன் கட்டைவிரலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

என் கன்னத்தில் ஒரு கீற்று இருந்ததாம்.
மறுநாள் தபால் நிலையத்தில்
ஸ்டாம்ப் விற்கிற பெண் சொல்லித்தான் தெரியும்.