ஓதக் கோடு

பாந்த்ரா கிழக்கு, நான்காம் மாடி, ஒப்பந்த வேலை.
இருபத்தொன்பதாம் தாள் என்னுடையது:
வெர்சோவா முனையும் அதன் ஓடைவாயும்.
ஓதம் ஏறி நிற்கும் இடத்தை
நீலக் கோடாகப் போட வேண்டும்.
கோட்டிலிருந்து இத்தனை மீட்டருக்கு
எதுவும் கட்டக் கூடாது.
அவ்வளவுதான் விதி.
கோடு எங்கே என்பதுதான் ஊர் வழக்கு.

பழைய கோட்டைப் போட்டவர்கள்
ஐஸ் தொழிற்சாலைச் சுவரில்
மஞ்சள் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி விட்டுப் போயிருக்கிறார்கள்.
ஜூலையில் போய்ப் பார்த்தேன்.
அம்புக்கு மேலே நான்கு செங்கல் வரிசை
பாசி பிடித்திருந்தது.
அளந்தேன். நம்பாமல் மறுபடி அளந்தேன்.
டேப்பின் மேல் ஒரு குட்டி நண்டு
ஏறி, யோசித்து, இறங்கிப் போனது.

"வந்த தண்ணீரைப் போடு.
வரப்போகும் தண்ணீரை உன்னை யார் கேட்டார்கள்?"
என்பார் பெட்னேகர் சார்.
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
கடல் வந்தது, கடல் நின்றது,
எல்லாம் இறந்தகாலம்.
வரும் என்று ஒரு வினைமுற்று எங்கும் இல்லை.
இப்போது அதைத்தான் திருத்துகிறார்களாம்:
ஐம்பது வருடம் கழித்து வரும் கடலுக்கும்
ஒரு கோடு, புள்ளிக்கோடு.
வரைவு வந்துவிட்டது.
ஆட்சேபணைக்கு அறுபது நாள்.

புள்ளிகளை வைத்து முடித்ததும்
கணினி கேட்டது: வளைவுகளை மழுப்பவா?
சம்மதித்தால் கோடு அழகாகிவிடுகிறது;
ஓடைவாயின் மூன்று வளைவுகளும்
ஒரு சுடுகாடும்
ஒரு பொதுக் கழிப்பறையும்
ஒரே அழுத்தில் மேட்டு நிலம்.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
கோடு நைந்த சேலைக் கரைபோல் ஆனது.
ஆகட்டும்.

கட்டுமானக் கம்பெனி ஆள் ஒருவர்
பேடா டப்பாவோடு வந்தார்.
புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே
இடைவெளி இருக்கிறதே,
அதில் ஒரு கட்டடம் நிற்காதா என்று
வேடிக்கைபோல் கேட்டார்.
யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசை.
சிரித்தோம்.
பேடா நன்றாக இருந்தது.

சாங்குணா தாண்டேல்
பொம்பில் காயும் மூங்கில் பந்தலுக்கடியில்
என்னை உட்காரவைத்தாள்.
"எந்த ஓதத்தைப் போட்டாய்?
அமாவாசை ஓதமா, அஷ்டமி ஓதமா,
ஆடிக்காற்று தோளில் தூக்கிக்கொண்டு வருமே, அதுவா?"
சட்டத்தில் ஓதம் ஒன்றுதான் என்றேன்.
மீன் விலை குறைத்துக் கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

தாளில் தன் வீட்டை அவளே கண்டுபிடித்தாள்.
புள்ளிக்கோடு அடுப்படி வழியாகப் போகிறது.
"இந்தக் கோடு வந்தால்
மகனுக்கு ஒரு மாடி எடுக்க முடியாது.
வராவிட்டால் பின்னால் இருபது மாடி எழும்பும்,
போக்கிடம் இல்லாத தண்ணீர் என் வீட்டுக்குள் வரும்.
நான் எதை ஆட்சேபிக்க?"
மராத்தியில் கேட்டாள்.
எனக்குத் தமிழிலும் பதில் இல்லை.

என் வீடு கோக்ரி அகாரில்.
அகார் என்றால் உப்பளம்.
எங்கள் தெரு, கடல் மறந்துவைத்த பண்டம்.
இருபத்தொன்பதாம் தாளில் அது வராது.
வேறு யாரோ வரைகிறார்கள்.
யார் என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.

வேலை நேரம் முடிந்திருந்தது.
படிவத்தை வாங்கி நானே நிரப்பினேன்.
அவள் சொல்லச் சொல்ல:
கோடு வேண்டும். மாடியும் வேண்டும்.
இங்கே முடியாதென்றால்
வலையைத் தலைச்சுமையாக நடந்தே கொண்டுபோகும் தூரத்தில்
இடம் வேண்டும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை;
ஓரத்தில், பக்கவாட்டில் எழுதினேன்.
முகவரி என்ற இடத்துக்கு
தபால்காரன் அறிந்ததைச் சொன்னாள்:
ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால், மூன்றாம் படி.
இந்த வருடம் தண்ணீர் இரண்டாம் படிவரை.

நான் பென்சிலை எடுத்தேன்.
"பேனாவால் எழுது" என்றாள்.