வீட்டில் இருப்பவர்

அழைப்புமணிப் பலகையில் ஒன்பது எழுத்துக்குத்தான் இடம்.
என் பெயருக்கு ஜெர்மனில் பதின்மூன்று வேண்டும்.
மிச்சம் நான்கும் விளிம்புக்கு அப்பால் விழுந்துவிட்டதில்
இந்தக் கட்டடத்தில் நான் ஹெர் மதிவத்.
அடுத்தவர் பெயர்கள் திரையில் வெட்டுப்படாமல்
பார்த்துக்கொள்வதற்குக் காசு வாங்குபவன்.

ஒன்பதரைக்கு முதல் மணி.
பார்சல்காரருக்கு மாடி ஏற மனமில்லை.
"நீங்கள்தானே வீட்டில் இருப்பவர்?"
கீறல் விழுந்த அவர் கருவியில்
விரல் நுனியால் கையெழுத்துப் போடுகிறேன்.
அது ஒருநாளும் என் கையெழுத்துப் போல வந்ததில்லை.
நாலாம் மாடி மாணவிக்குச் சப்பாத்து.
எதிர்வீட்டுக்குப் பூனைத் தீனி, பதினைந்து கிலோ.
மூன்றாம் மாடி திருமதி ஓவர்பெக்குக்கு
மாதாமாதம் வரும் சின்னப் பெட்டி,
ஆட்டினால் உள்ளே மணிமணியாய் உருளும்.
நான் ஆட்டுவதில்லை.
ஒருமுறை ஆட்டினேன்.

பத்தேகாலுக்குப் பிரிங்க்மான்.
மூன்று தலைமுறையாக வூப்பர்டாலுக்கு
வெந்நீர் கொடுக்கும் குடும்பம்.
பொத்தானின் பச்சை அவர் மனதில் ஒட்டவில்லை.
"பச்சைதான் வேண்டும். இவ்வளவு பச்சையாக வேண்டாம்."
மூன்று வாரமாக அதே பச்சையைத்
துளித்துளியாய் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
இன்று அனுப்பியது முதல் வாரத்துப் பச்சை.
கோப்பின் பெயர் மட்டும் புதிது.
"இதைத்தான்! இதைத்தான் சொன்னேன்!"
வென்றேனா தோற்றேனா என்று விளங்காமல்
தேநீர் போட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு மேலே,
தொங்குரயிலில் வேலைக்குப் போகிறவர்கள்
தொங்கியபடி போகிறார்கள்.
நான் அடுப்பிலிருந்து மேசைக்குப் போகிறேன்,
பதினோரு அடி.
நடனப்பள்ளிக்குப் பில் அனுப்பி நாற்பத்தாறு நாள்.
மூன்றாவது நினைவூட்டலை 'அன்புள்ள' என்று தொடங்கி,
'அன்புள்ள'வை அழித்து,
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டு
திரும்பவும் போட்டேன்.
மருத்துவக் காப்புறுதிக்காரன் மட்டும்
ஒரு மாதமும் தேதி தவறுவதில்லை.

மாலையில் வருகிறார்கள், வெறும் காலுறையோடு,
அவரவர் பெட்டிக்கு.
திருமதி ஓவர்பெக் தன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு
தாழ்ந்த குரலில் கேட்கிறார்:
"இன்னும் ஒன்றும் அமையவில்லையா?"
இணையதளம் செய்கிறேன் என்று
இரண்டு முறை விளக்கியாயிற்று.
"தெரியும், தெரியும்" என்றார்,
"என் பேரனும் நாள் முழுக்க அதில்தான்."

வியாழன்தோறும் கதவடியில் ஒரு துண்டு நுழையும்,
செய்தித்தாளிலிருந்து நகவெட்டிக் கத்தரியால் வெட்டியது,
விளிம்பெல்லாம் வளைவு.
கிடங்கில் இரவு வேலை.
பேக்கரியில், அதிகாலை மூன்று மணிக்கு.
கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன்.
ஒன்றையும் எறியாமல்
விசைப்பலகைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
அது இப்போது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

போன வியாழன் வந்த துண்டு:
குழாய் பொருத்தும் உதவியாளர் தேவை.
அனுபவம் அவசியமில்லை.
பிரிங்க்மானும் மகன்களும்.
ஓரத்தில் நீல மையில்:
'நல்ல மனிதர்கள். 87இல் என் கொதிகலனை
ஞாயிற்றுக்கிழமையில் வந்து சரிசெய்தார்கள்.'
கீழே விண்ணப்பிக்க முகவரி.
அந்த முகவரி எனக்கு மனப்பாடம்.

திறந்தேன்.
படம் தன் இடத்தில் இருந்தது.
பெயர் எழுதும் பெட்டிக்கு
அறுபது எழுத்துவரை இடம் வைத்திருந்தேன்,
யாருக்காக என்று அப்போது யோசித்ததில்லை.
பதின்மூன்றையும் அடித்தேன்.
பச்சையை அமுக்கினேன்.
'நன்றி, ஹெர் மதிவதனன்.
விரைவில் உங்களைத் தொடர்புகொள்வோம்.'
நள்ளிரவு தாண்டி ஒருநாள்
நானே எழுதி வைத்த வரி.

நாலு நிமிடத்தில் தொலைபேசி.
"படிவம் ஓடுகிறதா என்று சோதித்தீர்கள், இல்லையா?"
என்றார் பிரிங்க்மான்.
பதில் சொல்வதற்குள்
வாசலில் மணி.
பூனைத் தீனி.