நாலாவது அடைப்பு

பட்டறைக்குள் வந்துவிட்டால்
அது நிற்பதே இல்லை.
ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் விட்டேன்.
பானட் மேல் வைத்த டீ டம்ளர்
நடுங்கி நடுங்கி விளிம்புவரை நகர்ந்தது,
எஞ்சின் நிற்கவில்லை.
'சத்தியமா நிக்கு அண்ணாச்சி'
என்றான் உச்சிமாகாளி,
பொய்க் கேசில் மாட்டியவன் மாதிரி.

டூநாட்செவன், பதினெட்டு வயது.
களக்காட்டில் ஏத்தன் தார் ஏற்றி
நெல்லைக்குப் போகிற வண்டி.
நின்ற இடங்களைத்
தீப்பெட்டி அட்டையில் எழுதிவைத்திருந்தான்:
டோல்கேட்டுக்கு முன்னால்.
பொன்னாக்குடி ஏற்றம்.
மூன்றடைப்பில் மட்டும் நாலு தடவை.
ஒரு பீடி முடிகிற நேரம் போனால்
ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

டீசல் பில்டர் கறுத்திருந்தது, மாற்றினேன்.
பீடு பம்பு சல்லடையில் துரு, ஊதினேன்.
டேங்க் மூடியின் மூச்சுத்துளையில் மண்,
கோணி ஊசியால் குத்தினேன்.
மூணு அடைப்பும் எடுத்தாச்சு, போ என்றேன்.
ராத்திரி பத்தரைக்குப் போன்:
'மூன்றடைப்புலதான் நிக்கேன்.'

அதற்குள் தார் பழுத்து
கமிஷன் கடையில் விலை இறங்கி
வண்டியை விற்ற மச்சினனோடு
பேச்சும் நின்றுபோயிருந்தது.
'தெரிஞ்சேதான் தலையில கட்டிட்டான்.'
அது பீடி முடிந்ததும்
திரும்பப் பிடிக்கிற வகை இல்லை.

மறுநாள் நானே ஏறினேன்.
டீசல் லைனை வெட்டி
கண்ணாடி டியூப் ஒன்றைக் கோத்து
கேபினுக்குள் சுற்றிவரச் செய்து,
குளுக்கோஸ் ஏறுகிறவன் கட்டிலருகே
உட்கார்ந்தவன் போல
அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
ஆனிக் காற்று. பின்னால் படுதா படபடத்தது.
மூன்றடைப்புக்கு ஒரு மைல் இருக்கையில்
டியூபில் மஞ்சள் மெலிந்தது.
முதலில் நுரை.
பிறகு டியூபே ஒட்டி உள்வாங்கியது,
பல் போன கன்னமாக.
ரெண்டு விக்கல். அடங்கிவிட்டது.

அவன் பீடிக்கட்டைத் தேடினான்.
'ஏல, பத்தவைக்காத.'
அந்த அஞ்சு நிமிஷத்தில்தான்
ஆள் தப்பித்துப் போகிறான்.
டியூபை உருவி
டேங்க் பக்கமாய் வாய் வைத்து ஊதினேன்.
உள்ளே ஏதோ பிடி விட்டது.
பொளக்.
ஹேண்ட் பம்பில் பத்து அடி. சாவி.
பிடித்துக்கொண்டது.
நாக்கில் சாயங்காலம் வரை டீசல்.

டேங்கை இறக்கி, கம்பியால் துழாவி எடுத்தேன்:
உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலிதீன் பை,
ஊறி உப்பிய ரப்பர் பேண்டோடு.
இழுத்தால் வந்து குழாய்வாயில் ஒட்டும்.
இழுப்பு நின்றால் விலகி
தன்பாட்டுக்கு மிதக்கும்.

'மூடி களவு போனப்ப கட்டுனது,' என்றான்.
'ஐப்பசி மழ. வண்டி வாங்கி ரெண்டாவது வாரம்.'
யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை.
விரித்துப் பார்த்தான்.
துணிக்கடைப் பெயரில் கடைசி ரெண்டெழுத்து மிச்சம்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
மச்சினனுக்குக் காட்டவா, காட்டாமல் இருக்கவா,
தெரியவில்லை.

விட்டுவிட்டு வருகிற வியாதிக்கு
குணமாயிற்று என்று
எந்த மெக்கானிக்கும் எழுதித் தரமாட்டான்.
இன்றைக்கு நிற்கவில்லை, அவ்வளவுதான்.
கண்ணாடி டியூப் இன்னும் அதிலேயே கிடக்கிறது.

பதினோரு நாளாயிற்று.
விடியக்காலம் நாலரைக்கு
நாங்குநேரியில் என் பட்டறை முன்னால்
ரெண்டு ஹாரன்.
தார்களோடு வடக்கே போகிறான்,
நிற்காமல்.
நூற்றைம்பது ரூபாய் பாக்கி.