எழுபது புள்ளி மூன்று

எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் வரிசையில்
பதினேழாவது லாரி என்னுடையது.
சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி.
காலி கன்டெய்னருக்குள்
யோவேல் உட்கார்ந்திருக்கிறான்.
இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு,
முழங்கால்வரை ஐஸ் கம்பெனி பாலித்தீன்.

கதவை ஒரு ஜாண் திறந்துவைத்து
வெளியே நான்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தட்டுவேன்.
அவன் உள்ளிருந்து திருப்பித் தட்டவேண்டும்.
அதுதான் பேச்சு.

நாளைக் காலை பெங்களூரில் தராசு.
எழுபது புள்ளி மூன்று கிலோ.
லைட்வெயிட் என்று பேர்.
"இன்னா லைட்டு?
நான் எவ்ளோ பாரம்னு
எங்கம்மாவாண்ட கேளு" என்பான்.

முதல் சண்டை திருவொற்றியூர் கல்யாண மண்டபத்தில்.
மேடையில் மணமக்கள் பெயர்ப் பலகை
பிடுங்காமல் அப்படியே இருந்தது.
மூவாயிரம் ரூபாய், ஒரு மிக்சி.
மிக்சி இன்னும் ஓடுகிறது.
அப்புறம் கோவை, இம்பால், ஒருதரம் தாஷ்கண்ட்.
ஒன்பது ஜெயிப்பு, ஏழு தோல்வி,
ஒன்று என்னவென்றே நடுவருக்குத் தெரியவில்லை.
இடது காது பிடிகொழுக்கட்டை ஆனது.
அந்தக் காதில் போன் வைக்கமாட்டான்.

தாஷ்கண்டில் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டினான் ஒருவன்.
தட்டினால் விட்டுவிடுவார்கள்.
விரலை அசைத்தால்கூடப் போதும்.
இவன் தட்டவில்லை.
தூங்குகிற பிள்ளைபோல் சரிந்ததை
சுகிர்தா போனில் பார்த்தாள்,
என் லாரி கேபினில், டீ ஆறிக்கொண்டிருக்க.
"திமிரு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

கூண்டுக்குள் போகாத மாதங்களில்
காசிமேட்டில் ஐஸ் உடைப்பான்.
விடிகாலை மூன்று மணிக்கு
வலது, இடது, வலது.
வஞ்சிரத்துக்குக் கீழே பரவும் அவன் பயிற்சி.

இந்தக் கன்டெய்னர்கள் போர்ட் கிளாங் போகும், கொழும்பு போகும்.
அவன் பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே
அவன் உப்பு கடல் தாண்டிவிட்டது.
எந்த ஊர்த் துறைமுகத்திலோ
ஒருவன் கதவைத் திறந்து
மூக்கைப் பொத்தியிருப்பான்.

இரண்டு நாற்பது. தட்டினேன்.
பதில் இல்லை.
மறுபடி தட்டினேன்.
பின்னால் பதினெட்டாவது லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்,
வரிசை நகர்ந்துவிட்டதாம்.
கம்பியைத் தூக்கிக் கதவைப் பிளந்தபோது
உள்ளிருந்து வந்தது காற்று அல்ல, அடுப்பு.
சுவரில் சாய்ந்து
கண் திறந்தபடியே இருந்தான்.
"கேட்டுச்சுடா.
தட்டணும்னு தோணல" என்றான்.

பெங்களூரில் எழுபது புள்ளி இரண்டு.
எதிராளி எழுபத்து நாலு காட்டினான்,
சிரித்தான், சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனான்.
சண்டை ரத்து.
ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கம்,
எறும்பு எழுத்தில்:
கூண்டு ஏறினால்தான் காசு.
பத்து நாளில் ஒன்பது கிலோ விட்டவன்
பஸ் ஸ்டாண்டில் நாலு இளநீர் குடித்தான்.
நாலுக்கும் நான்தான் கொடுத்தேன்.

இப்போது என்னோடு கிளீனராக வருகிறான்.
"கொஞ்ச நாளைக்கு" என்று
இரண்டு வருஷமாகச் சொல்கிறான்.
போன வாரம் மணலி எடை மேடையில்
லாரியை ஏற்றினேன்.
சீட்டு வந்தது.
அவன் இறங்கி டீ வாங்கப் போனதும்
மேலே சிவப்பு எண் எண்பது குறைந்தது.

கிளாசோடு நின்று அண்ணாந்து பார்த்தான்.
எடை மேடைப் பையன்
"அண்ணே, ஏறுங்க, சீட்டுல உங்களச் சேத்துத்தான் போட்டுக்கீறேன்" என்றான்.
யோவேல் ஏறவில்லை.
டீயைக் கடைசிச் சொட்டுவரை
மெதுவாக,
ரொம்ப மெதுவாகக் குடித்தான்.